மாடி அறை சூடாகவே இல்லை, மாமா

பாசமுள்ள மாமாவுக்கு,

இந்த வருடமும் பென்சில்வேனியாவிலிருந்து கரி லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது. வாங்கியபோதே இந்தப் பழைய வீட்டோடு வந்த, வீட்டைச் சூடாக்கும் அந்தக் கரி பாய்லரை நாங்கள் இன்னும் மாற்றவில்லை. உங்கள் மகன் செந்தில்தான் இப்போது தினமும் தரைக்கு அடியிலுள்ள பேஸ்மென்ட்டுக்கு இறங்கிச் சாம்பல் அள்ளுகிறார்.

போன வாரம் மித்ராவை உங்கள் அறைக்கு மாற்றினோம். ஒன்பது வயதாகிறது, தனி அறை வேண்டுமாம். முதல் நாள் காலையிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு கீழே வந்து, "அம்மா, இட்ஸ் ஃப்ரீஸிங் இன் தேர்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். ஜன்னலடியில் இருக்கும், பாய்லரின் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மற்ற எல்லா அறையிலும் சுட்டுக்கொண்டிருந்தது.

பாய்லர் பார்க்கும் ஆள் வந்தார். குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் சுடுதண்ணீர் மேலே ஏறாதாம். ரேடியேட்டர் ஓரத்திலிருந்த சின்னத் திருகைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று போனது. கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. "திருகு மேலயே பெயின்ட் இறுகியிருக்கு. எத்தனை வருஷமா இப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இந்த வாரம்தான்" என்றேன்.

பொய், மாமா. ஊரிலிருந்து வந்து நீங்கள் ஒரு குளிர்காலம் அந்த அறையில் படுத்திருந்தீர்கள்.

ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். "ரூம்பு கொஞ்சம் சில்லுனு இருக்குது கண்ணு." நான் லேப்டாப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "மாமா, இது நியூஜெர்சி. ஈரோடு மாதிரியா இருக்கும்? இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கங்க" என்றேன். "செரி கண்ணு" என்றீர்கள். அதோடு சரி.

அதன்பிறகுதான் பேஸ்மென்ட்டே கதி என்று கிடந்தீர்கள். பாய்லர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தலையில் குல்லா. கரி போடுவதும் சாம்பல் எடுப்பதும் உங்கள் வேலையாகிவிட்டது. எங்களோடு உட்காரப் பிடிக்காமல்தான் ஒதுங்குகிறீர்கள் என்று நினைத்தேன். வீட்டிலேயே சூடான இடம் அதுதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பொங்கலுக்குப் பார்சிப்பனியிலிருந்து என் ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ் வந்திருந்தார்கள். நீங்கள் கரி படிந்த வேட்டியோடு படியேறி வந்தீர்கள். அத்தனை பேர் முன்னால், "ஆளுங்க வந்திருக்கிற நேரத்துல ஏன் மாமா இப்படி மானத்த வாங்கறீங்க?" என்றேன்.

என்னைக் கண்ணு என்றே கூப்பிடுகிறவர், அன்று "தெரியாம வந்துட்டனுங்க" என்றீர்கள். அந்த 'ங்க' இன்னும் காதில் நிற்கிறது.

மறுவாரமே ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொன்னீர்கள். ஆடியில், மாரடைப்பில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஊரிலிருந்து போன் வந்தது.

ஏன் இன்னொரு தடவை சொல்லவில்லை? உங்கள் மகனிடமாவது? சொன்னால் எனக்குத் திட்டு விழும் என்றா? பிள்ளை சொன்னதும் படியேறி ஓடிய எனக்கு, நீங்கள் சொன்னபோது கால் ஏன் நகரவில்லை?

"அப்பாவுக்கு அமெரிக்கா செட் ஆகல" என்றுதான் செந்தில் எல்லாரிடமும் சொல்கிறார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். முந்தாநாள், "அப்பா இருந்தப்பவும் அந்த ரூம் இப்படித்தான் இருந்துச்சா, கவி?" என்று கேட்டார். "தெரியலயே" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இனி அப்படிப் போகமாட்டேன். இந்தக் கடிதத்தை வேறு யார் படிப்பதற்கும் முன்னால் அவர் படிப்பார். இன்று ஆபீஸிலிருந்து வந்ததும் நானே கொடுப்பேன். முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு அமெரிக்கா ஒத்துவராமல் போகவில்லை, நான்தான் ஒத்துவராமல் போனேன் என்று வாய்விட்டும் சொல்வேன். அவர் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் வீட்டு மருமகள்,
கவிதா