கடல்வாய்ப்பட்டினத்து ராணி

5 நவம்பர் 2006, மன்னார்குடி

மதியச் சாப்பாடு முடிந்து மாமி கண்ணயர்ந்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். எங்கள் கல்யாணம் முடிந்து குவைத்துக்குத் திரும்பும்போது, முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று மச்சான் வாங்கி வைத்துவிட்டுப் போனது. அதில் நான் ஆம்பிளையாக உலாவுவது அவருக்குத் தெரியாது. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

நாலு மாசமாகக் கடல்வாய்ப்பட்டினத்தில் இருக்கிறேன். அப்படி ஓர் ஊர் கிடையாது. தஞ்சாவூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் நல்லக்கண்ணு என்பவர் இணையத்தில் கட்டிய பழங்காலத் துறைமுகம் அது. ஆளுக்கொரு வேஷம், எழுத்தாலேயே நடிக்கிறோம். நான் மாலுமி செங்கோடன். ஒவ்வொரு வேஷத்துக்குள்ளும் ஒரு ரகசியம் உண்டு. எழுதுகிறவருக்கும் நல்லக்கண்ணுவுக்கும் மட்டும்தான் அது தெரியும். யாராவது கண்டுபிடித்துச் சபையில் சொல்லிவிட்டால், மாட்டிக்கொண்டவர் ஊரை விட்டே போக வேண்டும். திரும்பி வர முடியாது. அவருடைய இடம் கண்டுபிடித்தவருக்கு.

செங்கோடனின் ரகசியம் - அவன் பெண். வேறு என்னத்தைக் கண்டேன் நான்!

இன்று புயலில் தப்பிக் கரை சேர்ந்ததை எழுதினேன். கோயிலில் மாலை மணி அடித்ததும் செங்கோடன் தோள்துண்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டான் என்று முடித்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

6 நவம்பர்

பட்டினத்தை ஆளும் ராணி புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். மாலை மணி கேட்டால் பட்டினத்து ஆண்கள் எல்லாரும் தலையில் துணி போட்டுக்கொள்ள வேண்டுமாம். என்ன கிறுக்கு! மந்திரியாக வரும் சிங்கப்பூர் பரிதி முணுமுணுத்துக்கொண்டே முண்டாசு கட்டினார். என் வரி ராணிக்கு அவ்வளவு பிடித்துவிட்டதா? இன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

19 நவம்பர்

போர்க்களத்தில் மன்னர் இறந்த சேதி வருகிறது. ராணி அழவில்லை. சேதி கொண்டுவந்தவனிடம், "குதிரைக்குத் தண்ணீர் காட்டினாயா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் எழுந்து போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

யார் இந்தப் பெண்? எங்கே உட்கார்ந்து எழுதுகிறாள்? ஏதோ பெரிய வீட்டு அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். லண்டனில்கூட இருக்கலாம். இப்படி ஒருத்தி இருக்கும் ஊரில் நானும் இருக்கிறேன் என்பதே எனக்குப் போதும்.

3 டிசம்பர்

ராணியின் ரகசியம் தெரிந்துவிட்டது.

பஞ்சக் காட்சி. ராணி தன் கையாலேயே ஜனங்களுக்கு நெல் அளந்து போடுகிறாள். "லாபம், இரண்டு, மூன்று..." என்று எண்ணுகிறாள். பரிதி உடனே பிடித்துக்கொண்டார்: "ஒன்று எங்கே? ராணியாருக்கு எண்ணத் தெரியாதா?"

சிங்கப்பூர்க்காரருக்கு எங்கே தெரியப்போகிறது. எங்கள் அத்தாவின் நெல் மண்டியில் சின்ன வயதில் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். முதல் மரக்காலுக்கு யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். களத்திலும் மண்டியிலும் நின்றவர்களின் வாய்ப்பழக்கம் அது. அரண்மனையில் பிறந்தவளுக்கு வராது. அப்படியென்றால் இவள் ராணியே இல்லை! களத்து மேட்டிலிருந்து வந்த ஒருத்தி ராணி வேஷத்தில் அரியணையில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் சொன்னால் அரியணை எனக்கு. சொன்னால் ராணி இருக்க மாட்டாள்.

4 டிசம்பர்

பரிதி விடுவதாக இல்லை. சபையைக் கூட்டி விசாரிக்கப் போகிறாராம். மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா? அவளத் தொரத்திட்டு அந்த ஊர்ல என்னத்தப் பாக்கப் போறோம் நாங்க?

பொறுக்க முடியாமல் செங்கோடன் வாயால் ஒரு பொய் சொன்னேன். "மந்திரியாரே, நாங்கள் கப்பல் சரக்கை இப்படித்தான் எண்ணுவோம். ராணியாருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்."

பரிதி அடங்கினார். கொஞ்சம் பொறுத்து ராணி எழுதினாள்: "ஆம். மாலுமி நல்ல ஆசான்."

5 டிசம்பர்

அரியணை போச்சு. வயிறாரச் சாப்பிட்டேன்.

30 டிசம்பர்

மச்சான் பெருநாளுக்கு லீவில் வந்தாச்சு. பயந்து பயந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மீசை இருக்கா ஒனக்கு?" என்றார். இருக்கு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் புயல் காட்சியை உட்கார்ந்து படித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. "தஹ்மி, நீயா எழுதுனே?"

ஜனவரியில் எல்லாரும் பூம்புகாரில் கூடுகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். "போவோம். ஒன் ராணிய நானும் பாக்கணும்ல" என்றார் ஜாபிர் மச்சான்.

21 ஜனவரி 2007

போய் வந்தோம். எங்கிருந்து தொடங்குவது?

சொந்தப் பெயரைச் சொல்லலாம், வேஷத்தை மட்டும் சொல்லக் கூடாது என்பது நல்லக்கண்ணுவின் நிபந்தனை. பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். பட்டுப்புடவையில் வந்த டீச்சரம்மா ஒருவர்தான் ராணி என்று நானே முடிவு கட்டி, அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இராஜாங்கம் என்பவர், நல்ல உயரம், அடர்ந்த மீசை, குனிந்து எடுத்து அடுக்கினார். "லாபம், ரெண்டு, மூணு..."

என் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் விழுந்துவிட்டது. இவரா? குதிரைக்குத் தண்ணி காட்டினாயான்னு கேட்டது இந்த மீசையா? அல்லாஹ்!

மச்சான் சும்மா இருக்காமல், "இது என்ன கணக்குண்ணே?" என்று கேட்டார்.

"எங்கம்மா வடுவூர்ப் பக்கம் கூலிக்கு அறுப்பறுத்தவங்க தம்பி. கூலி நெல்லுக்குச் சாக்க விரிச்சுக்கிட்டு நிப்பாங்க. லாபம்னு சத்தம் குடுத்து மொத மரக்கால் விழும் பாருங்க, அப்ப அவங்க நிக்கிற நிலை இருக்கே, ராணி மாதிரி..." சட்டென்று நிறுத்திக்கொண்டு சாம்பாரை ஊற்றினார்.

பொழுது சாய்ந்து கிளம்பும்போது எங்கிருந்தோ பள்ளிவாசல் பாங்கு கேட்டது. கடற்காற்றில் நழுவிக் கிடந்த முந்தானையை என் கை தானாக இழுத்துத் தலையில் போட்டது. நிமிர்ந்தால் இராஜாங்கம் அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

22 ஜனவரி

பழையதையெல்லாம் தேடிப் படித்தேன். நவம்பர் ஐந்து, செங்கோடன் மணி கேட்டுத் தலையை மூடுகிறான். எந்த ஊர் மாலுமி அப்படிச் செய்வான்? பாங்கு கேட்டு முந்தானையை இழுத்துப் பழகிய பொம்பளைதான் அப்படி எழுதுவாள். நான் கவனிக்கவே இல்லை. அவர் கவனித்திருக்கிறார். பரிதி கண்ணில் படுவதற்குள், மறுநாளே சட்டம் போட்டு, பட்டினம் முழுவதையும் தலையை மூட வைத்துவிட்டார்.

ராணியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு மாசம் முன்னாடியே அவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். கண்ணால் பார்க்காத ஒருத்திக்காக ஓர் ஊரின் வழக்கத்தையே மாற்ற ஒரு மனுஷனுக்குத் தோன்றுமா? இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

9 பிப்ரவரி

மச்சான் போன வாரம் குவைத் போய்விட்டார். பட்டினத்தில் எப்படிச் சேர்வது என்று போகும்போது கேட்டுக்கொண்டார். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

பட்டினத்தில் மாலை மணி அடித்தது. செங்கோடன் துண்டைப் போட்டுக்கொண்டான். மந்திரி முண்டாசு கட்டினார். மீனவர்கள், சுங்கக்காரர், எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். நேற்றுப் புதிதாகச் சேர்ந்த காவல்காரன் ஒருவன் மட்டும், துண்டு கொண்டுவர மறந்துவிட்டானாம், இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான்.

அவன் யார் என்று எனக்குத் தெரியும். சபையில் சொல்ல மாட்டேன்.