தீபத்து லீவை ஓட்டுக்கு மாத்திட்டேன்

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு,

கீர்த்தனா வணக்கத்தோட எழுதறது. நான் நல்லா இருக்கேன். உன் முட்டி வலி கம்மியாச்சா? மாத்திரையை விட்டுடாதே.

வெளிநாட்டுல இருக்கிறவளுக்கு எதுக்கு ஓட்டுன்னு சின்னசாமி மாமா கேட்டாராமே. என் பாஸ்போர்ட் இன்னும் இந்தியாவோடதுதான்னு சொல்லு. வெளிநாட்டு வாக்காளர்னு நம்ம ஊர்ப் பட்டியல்ல என் பேரு ஏறிடுச்சு. தபால்ல போட வழியில்ல, நேர்லதான் வரணும்.

லீவு கேட்டதுக்கு எங்க ஹோட்டல் மேனேஜர் சிரிச்சாரு.

"உன் ஒரு ஓட்டுல என்ன மாறிடும்?"

"மாறலைன்னாலும் அது என்னுது சார்."

"அப்ப கார்த்திகை தீபத்துக்கு லீவு கேட்கக்கூடாது."

சரின்னு அங்கேயே எழுதிக் கொடுத்துட்டேன். கவலைப்படாதே, வேலைக்கு ஒண்ணும் ஆகல.

ஓட்டு அன்னிக்குக் காலையில கீழ்பென்னாத்தூர் வந்துடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேணாம். வேர்க்கடலை கொஞ்சம் வறுத்து வை, இங்க கிடைக்கிறதுல ருசியே இல்ல. ராத்திரி உன் பக்கத்துலயே எனக்குப் பாய் போடு.

டூட்டிக்கு வண்டி வந்துடுச்சு. விடிஞ்சதும் நீ மட்டும் போய் ஓட்டுப் போட்டுட்டு வந்துடாதே. நான் வர்ற வரைக்கும் இரு. ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிப்போம்.

உன் கீர்த்தனா