சத்தமில்லாத பெட்டியும் உன் அப்பாவும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுகிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் சௌக்கியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடத்தான் ஆசை, ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் கை தையல் மெஷினில் இருக்கிறது, சீருடைத் துணிகளை நாளைக்குள் தைத்துக் கொடுக்க வேண்டும், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். அவள் வகுப்புக்குப் பரீட்சைக்கு முந்தைய படிப்பு விடுமுறை. சொன்னதைச் சொன்னபடி எழுதுடீ என்றால் முடியாது என்கிறாள், பேசுவது போல எழுதினால் கடிதத்துக்கு மரியாதை இல்லையாம். அதனால் நான் புத்தகம் மாதிரிப் பேசுகிறேனே என்று பயந்துவிடாதே, அது அவள் வேலை. எழுதி முடித்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாளாம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பதறிப்போய் அப்பாவிடம் கொடு என்பாய், நான் பயப்படுவதே அதற்குத்தான். போன மாதம் நீ அவரிடம் என்னவோ நெடுநேரம் பேசினாய், அவர் 'சரிம்மா, சரி, அப்படியே செய்' என்று சொல்லிவிட்டு என் கையில் போனைத் திணித்தார், நீ ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ சரியாகவே பேசவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாய். அப்பா என்கூட ஒரு நிமிஷம்கூட முழுசாப் பேசறதில்ல என்று நீ சின்னவளிடம் அழுதது எனக்குத் தெரியும். கோபப்படாதே, முழுவதும் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி, பிறகு யோசி.

முதலில் கம்ப்யூட்டர் சமாச்சாரம், எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. பழைய பெட்டி என் தையல் மெஷின் பக்கத்திலேயே இருந்து இருந்து, துணியிலிருந்து பறக்கும் பஞ்சையும் நூலையும் உள்ளே இழுத்து, அதன் ஃபேன் மாவு மில் மாதிரிக் கத்த ஆரம்பித்து நாளாயிற்று. சின்னவள் அதில் பாடம் கேட்டால் வாத்தியார் குரல் அடியில் போய்விடும், ஃபேன்தான் பாடம் நடத்தும். மாடி வீட்டு நர்ஸ் பாவம், ராத்திரி வேலை முடிந்து பகலில் தூங்குகிறவள், அவளே இறங்கிவந்து 'அக்கா, உங்க வீட்ல என்ன, எந்நேரமும் மிக்ஸி ஓடுதா' என்று கேட்டுவிட்டுப் போனாள். உன் அப்பா மட்டும் 'நல்லாத்தானே இருக்கு, ஒரு சத்தமும் இல்லையே, இப்ப எதுக்குப் புதுசு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். செலவைத் தள்ளிப்போடப் பார்க்கிறார் என்று நினைத்து, 'செலவுன்னா மட்டும் உங்களுக்குக் காது கேக்காதே' என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

நீ எழுதி அனுப்பியதையெல்லாம் சின்னவள் மனப்பாடம் செய்துகொண்டுதான் கடைக்கு வந்தாள். நமக்கு விளையாட்டு வேண்டாம், பெரிய வேலை வேண்டாம், பாடம் கேட்க, பில் போட, உன் முகத்தைப் பார்க்க, அவ்வளவுக்குச் சின்னப் பெட்டியே போதும் என்றாயே, அதையேதான் கேட்டோம். உள்ளே சுற்றும் டிஸ்க் கூடாது, ஃபேன் கூடாது, உடம்பே சூட்டை வெளியே தள்ளுகிற மாதிரி மேலே வரிவரியாக மேடு வைத்த உலோகப் பெட்டியாக இருக்க வேண்டும், ஃபேன் இல்லாவிட்டால் பஞ்சு உள்ளே போக வழியில்லை. 'சத்தம் கேக்காதுன்னு சொல்றது வேற, ஃபேனே இல்லன்னு சொல்றது வேற, ஏமாந்துடாத' என்று நீ சொன்னதை அவள் கடைக்காரரிடமே ஒப்பித்தாள். அவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டு, கண்ணாடிக் கதவு போட்ட உள்ளறைக்கு எங்களைக் கூட்டிப்போய் மேசைமேல் மூன்று பெட்டிகளை வைத்தார், ஒவ்வொன்றும் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மூன்றையும் ஓடவிட்டு, 'நீங்களே காதை வச்சுப் பாத்து எடுங்க, நான் ஒண்ணும் சொல்லல' என்றார். சின்னவள் குனிந்து கேட்டாள், நானும் கேட்டேன். இடது பக்கத்துப் பெட்டி கொசு காதுக்குள் வந்த மாதிரி 'ஙொய்' என்றது, நடுவில் இருந்தது கொஞ்சம் குறைவாக. வலது பக்கம் சுத்த அமைதி. நாங்கள் வாயைத் திறக்குமுன் உன் அப்பா குனிந்தார், மூன்றிலும் காதை ஒட்டவைத்துக் கேட்டார், பெரிய நிபுணர் மாதிரித் தலையாட்டிவிட்டு இடது பெட்டியைத் தட்டினார். 'இதுதான். மூச்சுகூட விடல பாரு. விலையும் கம்மி' என்றார்.

கடைக்காரர் 'சார் நல்லா ஜோக் அடிக்கிறார்' என்று சிரித்தார். சின்னவளும் சிரித்தாள். உன் அப்பாவும் சிரித்தார், ஆனால் பெரியவளே, அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அப்புறம்தான் சிரித்தார். அந்த இடைவெளி ஒரு கண்சிமிட்டும் நேரம்தான் இருக்கும். இத்தனை நாளாக அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாரோ என்று அப்போதுதான் பட்டது. நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வராமல் இருப்பது, டிவியை அலறவிடுவது, பேசும்போது வாயையே பார்ப்பது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சரி, வயசாகிறது, வீட்டில்தானே என்று இருந்துவிடலாம். ஆனால் அவர் வேலை என்ன? பள்ளி வண்டி ஓட்டுகிறார். பின்னால் அத்தனை பிள்ளைகள். நான் அன்று கடையில் வலது பெட்டியையே போடச் சொன்னேன், இரண்டு நாளில் புரோகிராம் எல்லாம் ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அந்த இரண்டு நாளுக்குள்தான் அது நடந்தது. நான் கண்ணால் பார்க்கவில்லை, பார்த்தவள் எழுதட்டும்.

அக்கா, இது நான். விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள் மாலையில் நடந்தது. அப்பா வண்டியில் என்னோடு சேர்த்து ஐந்தாறு பேர்தான் மிச்சம், எல்லோரும் களைத்துப்போய்ச் சத்தமே இல்லை. ஒரு நிறுத்தத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இறங்கினாள், அவளுடைய தண்ணீர்ப் பாட்டில் உருண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் அதை எடுக்கக் குனிந்தாள். வண்டி மெல்ல நகர ஆரம்பித்தது. நம் வண்டியின் உதவியாளர் அம்மா விசில் ஊதினார், நீளமாக, கன்னம் உப்ப. அப்பா நிறுத்தவில்லை. அந்த அம்மா வண்டியின் பக்கத்தைக் கையால் அறைந்தார், நான் 'அப்பா' என்று கத்தினேன், வண்டி நகர்ந்துகொண்டேயிருந்தது. பிறகு அவர் முன்பக்கக் கண்ணாடிக்கு நேரே ஓடி இரண்டு கையையும் தூக்கினார், அப்போதுதான் அப்பா பிரேக் போட்டார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, பாட்டில்தான் தட்டையாகிவிட்டது. 'அண்ணே, எத்தனை தடவை ஊதுனேன்' என்று அந்த அம்மா மூச்சு வாங்கினார். அப்பா 'பசங்க சத்தத்துல கேக்கல' என்றார். அக்கா, எந்தச் சத்தமும் இல்லை. இறங்கும்போது அந்த அம்மா என் தோளைப் பிடித்து, 'அப்பாவ ஒருதடவ காதக் காட்டச் சொல்லு பாப்பா, நான் சொன்னேன்னு சொல்லாத, ஊதி ஊதிப் பாத்துட்டு இப்பல்லாம் நான் தட்டத்தான் செய்றேன்' என்றார். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இனி அம்மா.

எழுதிவிட்டாளா? சரி. நேற்று சாயங்காலம் புதுப் பெட்டி வந்தது. அதைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் மாட்டும் வேலையை உன் அப்பாதான் செய்தார், திருப்புளி கையில் கிடைத்தால் அவர் முகமே வேறு. நான் என் பயத்தைச் சொன்னேன், இதன் உடம்பே சூடாகுமாமே, துணிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று. அதனால் திரையோடு சேர்த்து என் மெஷினுக்கு எதிர்ச் சுவரில், ஜன்னல் பக்கம் மாட்டினார். பழசிலிருந்து உன் போட்டோக்களையெல்லாம் மாற்றும்வரை அது கத்திக்கொண்டே கிடந்தது. மாற்றி முடித்ததும் சின்னவள் பழசை அணைத்தாள். அந்த நொடியில் வீடு சட்டென்று பெரிதான மாதிரி இருந்தது. சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது, நான் என்னை அறியாமல் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். மாடியிலிருந்து நர்ஸ் ஜன்னல் வழியாக 'நிறுத்திட்டீங்களாக்கா, நல்லாருப்பீங்க' என்று கத்தினாள். உன் அப்பா திருப்புளியோடு நின்று எங்கள் முகத்தைப் பார்த்தார். 'என்ன, எதுக்கு ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க' என்றார். 'சத்தம் நின்னுடுச்சுப்பா' என்றாள் இவள். 'எந்தச் சத்தம்?'

அவர் பழைய பெட்டியை மறுபடி போடச் சொன்னார். போட்டாள், மாவு மில் ஆரம்பித்தது. காதை ஒட்டினார், ஒரு காது, பிறகு மறு காது. அணைக்கச் சொன்னார், போடச் சொன்னார். கடைசியில் உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துப் பார்த்து, 'கையில தெரியுது' என்றார், அவ்வளவுதான். திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கி வைத்தார், சாப்பிட்டார், படுத்தார். காலையில் வழக்கம்போல் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாசலில் நின்று, போகாதீங்க என்று சொல்ல நினைத்தேன், சாப்பாட்டுப் பையைத்தான் நீட்டினேன். ஓட்டினால் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பயம். ஓட்டாதே என்றால் இந்த மனுஷன் என்ன ஆவாரோ, வண்டியைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும் என்று இன்னொரு பயம். தெருவில் ஹாரன் கேட்டால் ஊசி தப்புத் தப்பாக இறங்குகிறது, இதுவரை ஒரு காலரைப் பிரித்துத் தைத்தாயிற்று. உன்னிடம் கேட்பது இதுதான். நீ சொன்னால் அவர் கேட்பார். காதைக் காட்டச் சொல், அவர் மனம் கோணாமல் சொல். எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, போனில் சொல்ல முடியாது என்பது மட்டும்

அக்கா, அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். அப்பா வந்துவிட்டார், நடந்தே. இன்னும் மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. அம்மா மெஷினை விட்டு எழுந்து அவர் சட்டைப் பையைத்தான் முதலில் பார்த்தாள். 'சாவியக் குடுத்துட்டேன்' என்று அவரே சொன்னார். காலையில் வண்டியை எடுக்கவே இல்லையாம், நேராகப் பள்ளி ஆபீசுக்குப் போய்க் காது விஷயத்தைச் சொன்னாராம். மேலாளர் காதுப் பரிசோதனைச் சீட்டு வரும்வரை வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன், அதற்குப் பிறகு என்னவென்று இப்போது சொல்ல முடியாது என்றாராம். அம்மா அழுதுவிட்டாள், அது பயமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து இதுவரை எல்லாவற்றையும் படித்துவிட்டார். மறைக்க முடியவில்லை. 'வாத்தியாரம்மா, நல்லா எழுதியிருக்க' என்றார்.

மறுபடி அம்மா. இனி இவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை. நாளைக்குக் காது டாக்டரிடம் போகிறோம், என்ன சொல்வார்களோ என்று இப்போதே மனசு அடித்துக்கொள்கிறது. நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவராதே. புதுப் பெட்டி நன்றாக இருக்கிறது, தொட்டால் வெந்நீர் டம்ளர் மாதிரிச் சுடுகிறது, அது சகஜம்தானா என்று மட்டும் கேட்டு எழுது. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு, மனசு நிறைந்து இருக்க வேண்டும். அப்பா பேனாவைக் கேட்கிறார், கொடுக்கிறேன்.

உன் அன்பு அம்மா.

கண்ணு, அப்பா எழுதுகிறேன். போனில் உன் குரல் வருவது தெரிகிறது, வார்த்தை பிரியவில்லை. ரொம்ப நாளாக அப்படித்தான். கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். போன மாதம் நீ ஏதோ கேட்டாய். நான் சரி, அப்படியே செய் என்றேன். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. நீ என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியாதம்மா. நீ அதை இன்னும் செய்யாமல் இருந்தால் கொஞ்சம் பொறு. எழுதி அனுப்பு. படித்துவிட்டுச் சொல்கிறேன்.

உன் அப்பா.