மேலே இழுத்த கயிறு

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் உன் பெண்டாட்டி ஒரு பையைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். உள்ளே அந்த நீலக் கயிறு. மலைக்குக் கொண்டுபோனோமே, அதே கயிறு. பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது.

"அவுக கட்டிலுக்கு அடியில பெட்டியில கெடந்துச்சு மதினி. யாரையும் தொட விடமாட்டாக," என்றாள்.

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. உன் அடக்கத்துக்கும் நான் வரவில்லை. ஊர் பேசியது, பேசட்டும். நான்கு வருடமாக உன்னோடு பேசாதவளுக்கு, நீ செத்ததும் அழுகை மட்டும் எங்கிருந்து வரும்? திட்டத்தான் வருகிறது. கேட்டுக்கொள், தம்பி.

என் கல்யாணம் முடிந்த மறுவாரம் கடற்கரையில் வைத்து என் வீட்டுக்காரருடைய கயிற்றை உன் கையில் கொடுத்தார்கள். சங்கு குளிக்கிறவனுக்கு அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் மேலே கயிறு பிடிக்க வேண்டும். அது நம்மூர் வழக்கம். கூலிக்கு வந்தவன் அசந்துவிடுவான், தம்பிக்காரன் அக்காள் தாலி அறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்று பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அடியிலிருந்து அவர் கயிற்றைச் சுண்டினால் நீ தூக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. "மாப்ள மேல நிக்கையில எனக்கு ரெண்டு மூச்சு" என்று அவர் பெருமையாகச் சொல்வார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு சுண்டுக்குக்கூட நீ தப்பியதில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதும்போது கை எரிகிறது.

வடக்கே பனிமலைக்குக் கூப்பிட்டது என் பேத்தி. கூட வேலை பார்க்கிறவர்களோடு முன்பே போய்வந்தவள். மழை ஓய்ந்ததும் போய்விடுவோம், தள்ளினால் பனி விழுந்து பாதையை அடைத்துவிடுவார்கள் என்றாள். நீதான் கெடுத்தாய்.

"ஏளா, பனிமய மாதா காலடியிலயே பொறந்து வளந்துருக்கோம். பனிய ஒருநாளு கண்ணால பாத்துருக்கமா? பனி இல்லாத மாசத்துல போயி கல்லையும் மண்ணையுமா பாக்க?"

உன் வாய்க்கு எதிர்வாய் உண்டா? தள்ளிப் போட்டோம். நீ, அவர், நான், பேத்தி, முதுகில் ஆளுக்கொரு மூட்டை. உன் மூட்டையில் கருவாட்டைத் திணித்து வந்தாய். மலை நாய் ஒன்று இரண்டு நாள் உன்னை விடவில்லை. வழியில் டீக்கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு குடும்பமே எதிரே இறங்கி வந்தது.

"ஏலே, எல்லாரும் எறங்குதாங்க, நாம மட்டும் ஏறுதோம்," என்றேன்.

"எறங்குதவன் பாத்துட்டு எறங்குதான் அக்கா. நாம பாக்காண்டாமா?"

மூன்றாம் நாள் காலையில் உன் பனி விழுந்தது. நீ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து நாக்கில் வாங்கினாய். அவர் விடிந்ததிலிருந்து இருமிக்கொண்டிருந்தார். உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. இங்கேயே இருப்போம் என்று நான் சொன்னதற்கு, "எட்டுப் பாகம் ஆழத்துல மூச்சடக்குன மனுசன், இந்த இருமலுக்கு என்ன?" என்று சிரித்தாய். வழுக்குகிறது என்று நீலக் கயிற்றின் இரண்டு முனையையும் முடிந்து, உன் இடுப்பில் ஒரு வளையமும் அவர் இடுப்பில் ஒரு வளையமும் போட்டு முன்னால் ஏறினாய். வழிகாட்ட வந்த மலைக்காரர் பின்னால் எங்களைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்.

ஏற்றத்தின் நடுவில் அவர் உட்கார்ந்தார். மலைக்காரர் அவர் முகத்தைப் பார்த்ததும் "நீச்சே! நீச்சே!" என்று கத்தினார்.

பேத்தி அலறினாள். "சின்னத் தாத்தா, கீழ எறக்கணுமாம்! கீழதான் மூச்சு இருக்கு!"

அப்போது அவர் கயிற்றைச் சுண்டினார். ஒரே ஒரு சுண்டு. நான் பார்த்தேன்.

நீ மேலே இழுத்தாய். பனியில் காலை ஊன்றி, கைமாற்றிக் கைமாற்றி, வள்ளத்தில் நிற்பதுபோல இழுத்தாய். அவர் முழங்காலில் தவழ்ந்து வந்தார்.

"ஏலே, விடுலே! கீழ எறக்குலே!"

"அத்தான் கூப்புடுதாரு அக்கா! தூக்காண்டாமா?"

இன்னொரு சுண்டு வந்தது. இன்னும் பலமாக இழுத்தாய். மலைக்காரர் ஓடிவந்து உன்னைத் தள்ளிவிட்டு, வளையத்தை அவர் இடுப்பிலிருந்து உருவி, அவரை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். கீழே மரப்பாலத்துக்கு வரும்போது அவருக்கு மூச்சு இல்லை.

பழக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கடல்காரன் கை கடல் சொன்னதைத்தான் செய்யும். அதை நான் என்றோ விழுங்கியிருப்பேன். ஆனால் வீட்டில் அவர் சவப்பெட்டி வைத்திருக்கும்போது, கேட்டவர்களுக்கெல்லாம் நீ என்ன சொன்னாய்? "அத்தானுக்கு முன்னமே நெஞ்சுல கோளாறு. நம்மகிட்ட மறைச்சுட்டாரு." காலில் முள் குத்தினால்கூட என்னிடம் காட்டுகிற மனுசன் அவர். வாய் திறக்க முடியாமல் கிடந்தவர் மேல் பழியைப் போட்டாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். "நான் இழுத்துட்டேன் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன்.

நான்கு வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் நீ மூச்சுக்குத் தவிக்கிறாய் என்றார்கள். ஒரு பகல் வந்தேன். கட்டில் கால்மாட்டில் நின்றேன், அந்த வார்த்தைக்காகத்தான். நீ மூக்கிலிருந்த குழாயை நகர்த்திவிட்டு, "அக்கா, சாப்புட்டியா?" என்று கேட்டாய். இருந்த மூச்சை அதற்கா செலவழிப்பாய்? திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று மதியம் கயிற்றைத் தரையில் விரித்தேன். இரண்டு முனையிலும் வளையம் அப்படியே இருக்கிறது. ஒரு முடிச்சைக்கூட நீ அவிழ்க்கவில்லை. ஊரிடம் சொன்ன பொய்யைக் கயிற்றிடம் சொல்ல முடியவில்லையோ?

அவர் பக்கத்து வளையத்தைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினேன். உன் வளையம் தரையில் உரசிக்கொண்டு வந்து என் காலில் இடித்தது. உதைக்கத்தான் காலைத் தூக்கினேன்.

சுருட்டி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்தக் கேட்டாள், கொடுக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சொல்லாமல் போன அந்த வார்த்தைக்கு இந்த இரண்டு முடிச்சைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.