நடை முடியும் வீடு

மார்ச் 4

காலையில் பை வார்களுக்கு மெழுகு தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் வழவழப்பு. பேருந்துக் கம்பியைப் பிடித்தால் வழுக்குகிறது. பத்து மணிக்குக் கோட்டை வாசலில் ஐந்து பேர். குளியலறை வாளியைப் பார்த்து ஒத்திகை பார்த்த பேச்சை அப்படியே ஒப்பித்தேன். வாளி கேள்வி கேட்காது. இவர்கள் கேட்கிறார்கள்.

ஒரு பட்டம், இரண்டு பிழைப்பு. அக்கா தோல் வெட்டிப் பை தைக்கிறாள். நான் விடியற்காலையில் அவளுக்குத் துளை போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். பழைய ஊரைச் சுற்றிக் காட்டி, நடையை எங்கள் வீட்டிலேயே முடிக்கிறேன். முன்னறையில் பயணிகள் ஆளுக்கொரு சின்ன பர்ஸ் தைத்து எடுத்துப் போகலாம். வீட்டில் முடிக்கும் யோசனை அக்காவுடையது. வியாபார மூளை அவளுக்குத்தான்.

அக்காவின் கணவர் வேன் ஓட்டுகிறார். பயணிகள் வந்தால் மாமாவே பெஞ்சைத் துடைத்துப் போடுவார், ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிடும். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். மிதிக்க வைத்தது அவருடைய வேன்.

மணிக்கூண்டு இன்றும் கேட்டார்: "என்ன காலேஜு, இன்னிக்கு எத்தனை தலை?" மணிக்கூண்டு என்றால் கோபுரம் இல்லை, கோட்டை வாசலில் அதன் அடியில் நாற்காலி போட்டு வழிகாட்டிகளுக்கு முறை பிரிக்கிற ஆள். நான் அந்த முறைக்குள் இல்லை. போனில் கூப்பிடுகிறவர்களை மட்டும் கூட்டிப் போகிறேன். "அஞ்சு" என்று என் செருப்பிடம் சொன்னேன்.

மார்ச் 9

எல்லாம் என் மூக்கால் வந்தது.

பயணிகளில் பருத்த பெண்மணி ஒருவர் தோளில் புதுப் பை. கோட்டை வாசல் கடையில் வாங்கினாராம், அசல் தோலாம். தலையாட்டியிருந்தால் போதும். கை அதன் பாட்டுக்கு அதை வாங்கி, நகத்தால் கீறி, மூக்குக்குக் கொண்டுபோய்விட்டது. தோல் என்று எதைக் கொடுத்தாலும் மோந்து பார்க்காமல் எங்கள் வீட்டில் கீழே வைக்கமாட்டோம். பெட்ரோல் வாடை. ரெக்சின், தோலே இல்லை. முகம் சுளித்துவிட்டேன் போலிருக்கிறது. வாயைத் திறக்கவே இல்லை, பேசாமலே மாட்டிக்கொண்டேன்.

அவர் விறுவிறுவென்று திரும்பிப் போய்க் கடைக்காரன் முகத்தில் பையை வீசினார். பித்தளைக் கொக்கி புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்க, அவன் கல்லாவைத் துழாவிக்கொண்டே கத்தினான்.

அவன் மணிக்கூண்டின் தம்பி.

மார்ச் 10

"பொம்பளையத் தொட்டா எனக்குத்தாம்மா அசிங்கம்," என்றார் மணிக்கூண்டு. மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு மாமாவை வேனிலிருந்து இறக்கினார்கள்.

வேன் கதவை அவர் முழங்கையின் மேல் சாத்தினார்கள். திறந்து, மறுபடி சாத்தினார்கள். கீழே விழுந்ததும் உதைத்தார்கள். உதைத்தவர்களில் ஒருவன் தினமும் அவரிடம் பீடிக்கு நெருப்பு வாங்குகிறவன்.

நான் என்ன செய்தேன்? எழுதித்தான் ஆகவேண்டும். என் முன்னால் நான்கு பயணிகள் நின்றார்கள். நான் பேச்சை நிறுத்தவில்லை. "இந்தக் கோபுரத்துக்கு நான்கு முகம், நான்கும் நான்கு நேரம் காட்டும், யாரும் தாமதமாக வந்ததாகவே ஆகாது" என்கிற நகைச்சுவையைச் சொல்லிவிட்டு, அவர்கள் சிரிப்பதற்காக இடைவெளி விட்டுக் காத்திருந்தேன்.

மார்ச் 11

சுவருக்கு அந்தப் பக்கம், அக்காவும் மாமாவும் இருக்கும் அறையில், வார் சத்தம். அம்மா ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.

மார்ச் 12

அக்காவின் கன்னம் கன்றிப் போயிருக்கிறது.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"முதுகுலயும் இடிக்கிற கதவு எந்தக் கதவுக்கா?"

அம்மா இடையில் வந்தாள். "வெளில அடி வாங்கிட்டு வந்த மனுஷன். எங்கயாவது எறக்கித்தானே வைப்பாரு? ரெண்டு நாள்ல ஆறிடும். உன்னைப் படிக்க வெச்சவருடி." இறக்கி வைக்க அக்கா என்ன சுமைதாங்கியா? கேட்கவில்லை.

நடையை நிறுத்திவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். எல்லாம் என்னால்தானே. வெட்டிக்கொண்டிருந்த கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள்.

"நிறுத்தினேன்னா உன்னைக் கொன்னுடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தேன்.

மார்ச் 14

அக்கா இன்று சொன்னாள். நிமிர்ந்து பார்க்காமல், தோலில் கோடு போட்டுக்கொண்டே.

"நேத்து ஆரம்பிச்சதுன்னு நெனச்சியா? கல்யாணமான வருஷமே ஆரம்பிச்சாச்சு. ஆளுங்க வர்ற நாள்ல அவரு கை நீளாது. வெளியாளுங்க முன்னாடி நல்ல மனுஷன்னு பேரு வேணும் அவருக்கு. நாளைக்கு ஆளு வருதுன்னா இன்னிக்கு மூஞ்சியில படாது. அதுக்குத்தான்டி நடைய நம்ம வீட்டுல முடின்னு சொன்னேன். நீ என்னடான்னா வியாபாரம், வியாபாரம்னு குதிக்கிற."

அப்படியானால் நான் கூட்டி வருவது பயணிகளை இல்லை. காவலுக்கு ஆள்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்று வருடம் தேர்வுக்குப் படித்தேன். சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். அக்கா தோல் தட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த ராத்திரி நேரத்திலா தட்டுவார்கள்? நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேனா?

மார்ச் 16

ஏழு பேரைச் சந்து வழியாகக் கூட்டி வந்தேன். மாடியிலிருந்து கல். முதல் கல் என் குடையில் பட்டது, இரண்டாவது ஒரு முதியவர் காதில். காது மடல் கிழிந்து தொங்கியது. அவர் மனைவி அதைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, என்னைத்தான் திட்டினார். ஓடிவிட்டார்கள். வீடுவரை ஒருவர்கூட வரவில்லை.

மேலிருந்து ஒரு குரல்: "காலேஜு, பாடம் முடிஞ்சிதா?"

மார்ச் 17

முன்னறைப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். தோல் அடுக்கின் மேல் பழைய வண்டி எண்ணெய். தைத்து மாட்டியிருந்த பைகள் எல்லாவற்றிலும் குறுக்கே பிளேடு. ஒன்றையும் திருடவில்லை. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். போன் அடிப்பதும் நின்றுவிட்டது.

ஆள் இல்லாத வீடு. மாமா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 19

குடிக்கவில்லை. அவர் குடிப்பதே இல்லை. அதைச் சொல்லி அம்மா பெருமைப்படுவாள்.

கதவில் நசுங்கிய கை கழுத்துத் தூளியில் தொங்க, மற்ற கையில் அக்காவின் மரச்சுத்தியை எடுத்தார். அவள் ஏதோ பதில் சொன்னாளாம். என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் இடதுகை வெட்டுப் பலகையின் மேல் இருந்தது. அடித்தார். தோல் தட்டுகிற சத்தம் மாதிரி இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

நான் துளை போட்டுக்கொண்டிருந்தேன், குத்தூசி கையிலேயே இருந்தது. அவர் தொடையில் இறக்கினேன். நான்கு அடுக்குத் தோலில் இறக்கிப் பழகின கை. மனிதத் தொடை அவ்வளவு கெட்டியில்லை. பிடிவரைக்கும் போனது.

"நீயா?" என்றார். வலியைவிட ஆச்சரியம். "நீயாம்மா?" பிறகு என் வயிற்றில் உதைத்தார். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எழுந்து போனேன், ஊசியைப் பிடுங்கி இன்னொரு முறை குத்த. அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது என் கையை. அவர் கையை இல்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். ஊசி உள்ளே போனபோது பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது.

மார்ச் 20

ஆஸ்பத்திரியில் அக்கா கதவிடுக்கில் கை வைத்ததாகச் சொன்னாள், நான் படியில் விழுந்ததாகச் சொன்னேன், மாமா ஆணி மேல் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். "வீட்டை மாத்துங்க, ராசியில்ல," என்று கம்பவுண்டர் சிரித்தார்.

மார்ச் 22

மணிக்கூண்டிடம் போனேன். தனியாக.

"என்ன காலேஜு, பின்னாடி போலீஸ் வருதா?"

"இல்ல. முறைல என்னையும் சேத்துக்கங்க."

"ஓஹோ. தம்பி கடைக்குக் கூட்டிட்டுப் போவியா?"

"போறேன்."

"மூக்கு?"

"அடைச்சிருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பேசி யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை.

"சரி, உனக்கு என்ன வேணும்?"

"தினமும் ஆள் வேணும். ஞாயித்துக்கிழமையும் வேணும். மழைன்னாலும் வேணும். கடைசில என் வீட்டுக்கு வரணும்."

"அடேங்கப்பா! ஊமையாட்டம் இருந்துக்கிட்டு எவ்வளவு பேராசை பாரு இதுக்கு."

பேராசை என்றே நினைக்கட்டும். தம்பி எழுந்து வந்தான், புருவத்தில் தையல் தெரிந்தது. "அண்ணே, ஒண்ணே ஒண்ணு குடுத்துக்கறேன், நேராயிடும்." அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் ரயில் ஓடியது. நன்றி என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 2

'அசல் தோல்' என்பதை இப்போது மூன்று மொழிகளில் தடுமாறாமல் சொல்கிறேன். வாளி எதற்கும் ஆட்சேபிக்கவில்லை.

தினமும் ஆள். அக்கா மாவுக்கட்டுக் கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் தையல் சொல்லித் தருகிறாள். மாமா நொண்டியபடி வந்து நூல் கோத்துக் கொடுக்கிறார். வாசல் முறைக்கு அவரையும் வேனோடு சேர்த்துக்கொண்டார்கள். என்னிடம் அவர் பேசுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி.

ஒரு பெண் அவரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 18

மாமா பழகிவிட்டார்.

தினமும் வருகிறவர்கள் விருந்தாளிகளா? அவருக்கு அவர்கள் பெஞ்சு மாதிரி, சுவர் மாதிரி ஆகிவிட்டார்கள். அறை நிறையப் பயணிகள் இருக்கும்போதே அக்காவை அறைந்தார். நூல் தீர்ந்துபோனதை அவள் முன்னாலேயே சொல்லவில்லையாம். அவள் உதடு பல்லில் பட்டுக் கிழிந்து, தைத்துக்கொண்டிருந்த பர்ஸ் மேல் ரத்தம் சொட்டியது. இன்னொரு அறை. அவள் தலை சுவரில் மோதியது. பிறகு அவர் பெஞ்சைச் சரியாக இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

ஒருவர் தலையைக் குனிந்து மறுபடி தைக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் விளக்குவேன் என்று. காலையிலிருந்து எல்லாவற்றையும் விளக்கியவள் நான்தானே.

"அவர் என் அக்காவை அடிக்கிறார்," என்றேன், அவர்கள் மொழியில். ஒத்திகை பார்க்காத வாக்கியம். "எப்போதும் அடிக்கிறார்."

நரைமுடிப் பெண்மணி ஒருவர் எழுந்து, தன் தொப்பியைக் கழற்றி அக்கா தலையில் வைத்தார். எங்கள் பேருந்தில் இடம் இருக்கிறது என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கத்தியையும் ஊசியையும் துணியில் சுருட்டி அவள் கையில் கொடுத்தேன்.

கோட்டை வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே போனேன் — மதிலைப் பற்றி, கிணற்றைப் பற்றி, வாய்க்கு வந்ததெல்லாம். அக்காவை நடுவில் விட்டு அவர்கள் நெருக்கமாக நடந்தார்கள். மாமாவின் வேன் வாசலில் நின்றது. அவர் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார், முதுகு எங்கள் பக்கம். திரும்பும்போது தலை எண்ணுவது மணிக்கூண்டின் வழக்கம். விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவர் தொப்பியிடம் வந்து நின்றார். மாவுக்கட்டைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். வேனைப் பார்த்தார்.

"சரியா இருக்கு, போ," என்றார்.

ஏன் என்று தெரியவில்லை. நல்லவர் என்று எழுதமாட்டேன். மாமாவின் முகத்தைப் பிற்பாடு பார்க்கும் ஆசையாகக்கூட இருக்கலாம்.

பேருந்து கிளம்பியதும் வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு நடந்தேன்.

ஏப்ரல் 19

"எங்கடி அவ?"

சொல்லவில்லை. மாமா என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினார். சொல்லவில்லை. பெஞ்சைத் தூக்கி அடித்தார். "என் வண்டி ஓடி ஓடிப் படிச்ச வாயி, இப்பத் திறக்காதோ?" எனக்கே சரியாகத் தெரியாது, அவள் எந்த ஊரில் இறங்கினாள் என்று. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருந்தது. தெரியாமல் இருந்ததே நல்லது.

அம்மா குறுக்கே வந்து விழுந்தாள். பெஞ்சின் கால் அவள் தோளில் இறங்கியது. மாமியார் மேல் கை வைத்துவிட்டோம் என்று அவரே திகைத்துப் போனார். அம்மா எழுந்திருக்கவில்லை, தரையில் கிடந்தபடியே சொன்னாள்:

"மாப்பிள்ளை, வண்டிச் சாவி ஆணில தொங்குது. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

அப்போதும் 'ங்க'தான். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 27

அக்கா பேசினாள். தெரியாத எண். விரல்கள் மடங்குகின்றனவாம், முழுதாக இல்லை. அம்மாவைக் கேட்டாள். அவர் வந்தாரா என்று கேட்டாள். தெருமுனையில் வேன் நிற்கிறது, சில நாள். அதைச் சொல்லவில்லை.

மே 6

இடது காது இன்னும் சரியாகவில்லை. கேள்வி கேட்கிறவர்களை வலது பக்கம் வரச் சொல்கிறேன்.

இன்று ஒன்பது பேர். கோட்டை, மதில், சந்தை. கடைசியில் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போய், இங்கே நடை முடிகிறது என்றேன். ஓர் இளம்பெண் போனில் பழைய படத்தைக் காட்டினாள்: எங்கள் முன்னறை, பெஞ்சு, குனிந்து தைக்கும் அக்கா. இந்த வீட்டுக்குப் போகவில்லையா, இவர் தைக்கக் கற்றுத் தருவார் என்றார்களே?

"இப்போது வீட்டுக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை."

"இவர் எங்கே இருக்கிறார்?"

அந்த ஊருக்கு நான் வழி சொல்வதில்லை என்றேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.