உன் வியாழக்கிழமையைக் கொடுத்துவிட்டேன்

மச்சான்,

இன்று மதியம் எங்கள் சமையலறை முழுக்க வாழைப்பழம் பொரிகிற மணம். வியாழக்கிழமையில் உன் மீன் கட்லட் மணக்காமல் போனது, நீ இறந்த பிறகு இதுதான் முதல் தடவை. இதுவரை ஒவ்வொரு வியாழனும் விடாப்பிடியாக அதைத்தான் செய்துவந்தேன்.

ஊரைவிட்டு வந்து, மோர்டனில் இந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாமிருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த காலத்தை நினைத்துக்கொள்கிறேன். என்ன சாப்பாடு என்பதைத் தலைமை அலுவலகம் முடிவு செய்யும். சமைத்து அனுப்பிய பையைப் பிரி, சூடாக்கு, பரிமாறு. அவ்வளவுதான் நம் வேலை. எனக்குக் காலையில் எழும்பவே மனம் வராது. நீதான் மனேஜரிடம் போய், கிழமையில் ஒரு நாள் சமையலை நம்மிடம் விடச் சொல்லிக் கேட்டாய். போகாதே என்று நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்களுக்கு ஏலும் மச்சான். நாங்கள் சமைச்சதுக்கு நாங்களே பதில் சொல்லுவம்" என்றாய். அந்தத் துணிச்சலை எங்கிருந்து கொண்டுவந்தாயோ, எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

மனேஜர் வியாழனைத் தந்தார். ஒரு கிழமை நீ, மறு கிழமை நான். என் முதல் மீன்குழம்பு உறைத்துப்போய், பாதிப் பேர் தண்ணீர் கேட்டார்கள். நீயோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? அன்று எனக்கு நல்ல கோபம். ஆனாலும் யாரும் சொல்லாமலே வியாழக்கிழமைகளில் நேரத்தோடு வரத் தொடங்கினேன்.

இப்போது சமையலறை என் பொறுப்பில். உன் இடத்துக்கு வந்தவள் கானா நாட்டுப் பெண் அபெனா. போன கிழமை கட்லட் உருட்டிக்கொண்டே, "இது யாருடைய நாள்?" என்று கேட்டாள். சுருக்கென்றது. உன்னையே விட்டுக்கொடுக்கச் சொன்னது போல இருந்தது. ஆனால் அவள் சோர்ந்த முகத்தில் அன்றைய என் முகத்தைத்தான் கண்டேன்.

"அடுத்த கிழமை உன்னுடையது" என்றேன்.

இன்று அவளுடைய முதல் சட்டி வாழைப்பழம் கருகிவிட்டது. ஓடிப்போய் அடுப்பைக் குறைக்க என் கை துடித்தது. பின்னால் கட்டிக்கொண்டேன். அவளே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், கருக்கியது தான்தான் என்று சிரித்துச் சொல்லி, இன்னும் சற்று நேரம் கேட்டாள். இரண்டாவது சட்டி பொன்னிறமாக வந்தது.

கட்லட் உன்னோடு போனால் போகட்டும், மச்சான். பின்னால் கட்டிய இந்தக் கைகள் நீ தந்தவை.