மண்ணெண்ணெய் வாசம்

12-2-1944, சனி

யுத்தம் வந்ததிலிருந்து பிரேக் ஆயில் கிடைப்பதில்லை. வழக்கம்போல விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து, காலையில் டிரைவர் கருப்பண்ணனின் லாரிக்கு ஊற்றினேன். கொல்லிமலையிலிருந்து மிளகு சுமந்து இறங்கிய பத்துப் பேர் மூட்டைகள்மேல் உட்கார்ந்து சந்தைக்குப் போனார்கள். லாரி போன பிறகுதான் விரலை முகர்ந்தேன். மண்ணெண்ணெய். நான் அளந்தது விளக்குக்கு ஊற்றும் குவளையில். மண்ணெண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பரெல்லாம் ஊதிப்போகும்.

பகல் முழுக்க ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கருப்பண்ணன் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்.

"ஏனுங்க மேஸ்திரி, என்னத்தைங்க ஊத்துனீங்க? பிரேக்கு முன்னைக்கு இப்பக் கெட்டியாப் புடிக்குதுங்க."

ரப்பர் ஊதத் தொடங்கிவிட்டது, அதனால்தான் அந்தப் பிடி. பிரேக் எண்ணெய் ஓடும் ரப்பர் ஹோஸ் எந்த இறக்கத்தில் வெடிக்குமோ.

"நாளைக்குப் பிரிச்சுப் பாத்தரலாங்க" என்றேன்.

"நல்லா இருக்கறதை எதுக்குங்க பிரிக்கோணும்? நாளைக்கு வெடியால லோடு இருக்குதுங்க."

என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போன பிறகு லாரியருகே இரண்டு தரம் போய் நின்றேன். என்ஜினில் செருகிச் சுற்றி லாரியைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி இப்போது என் பாய்க்கு அடியில் இருக்கிறது. விடிந்ததும் அதைத் தேடிக்கொண்டு அவர் முதலில் என்னிடம்தான் வருவார்.